உடைமரத்துக்காரியின் கால்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகப்பனும் மகளும் உட்கார்ந்து பேயின் தலைமுடிக்குச் சிக்கெடுத்தார்கள்.

கடைக்குப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹக்கீம் சவுரியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஆசிபா மறுமுனையிலிருந்து சீப்பைப் போட்டாள். முழங்கால் வரை தொங்கும் சவுரி. மூன்று தடவை சீயக்காய் போட்டு அலசியும் கரிசல் மண் விட்டபாடில்லை. கடுகு கடுகாக முடியில் உருண்டு கிடந்தது. நகத்தில் வைத்து நசுக்கினால்தான் உதிர்ந்தது.

"மெதுவாட்டி. வேரோட பிடுங்கிராத."

"சவுரிக்கு ஏதுத்தா வேரு?"

"அத சொர்ணத்தாய்க்கிட்ட போய்ச் சொல்லு. முப்பது வருசமாச் சீப்புல வந்த முடிய ஒண்ணொண்ணா எடுத்து வச்சுக் கட்டுனது. ஒரு முடி குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிருவா."

"பேய்க்குக் குடுக்கும்போது தெரியலியாக்கும்?"

"பேய்க்கா குடுத்தா? எனக்குல்லா குடுத்தா."

சிக்கு எடுத்து முடிக்கப் பதினோரு மணி ஆனது. ஹக்கீம் சவுரியைப் பாம்பு மாதிரிச் சுருட்டி மஞ்சள் துணிப்பையில் வைத்தார். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'சொர்ணத்தாய் – பசுவந்தனை – வியாழன்' என்று எழுதிப் பைக்குள் போட்டார்.

"வியாழக்கெழம நானே போயிக் குடுத்துட்டு வந்துருதேன். அப்படியே படம் எப்பன்னும் சொல்லிட்டு வரணும்."

அன்று சாயங்காலம் ஆசிபா சென்னைக்கு ரயிலேறினாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு நைட்டியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த ஹக்கீம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாளாம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஹக்கீம் உட்கார்ந்தாலும் நின்றாலும் சிரித்துப் பழகிய ஊர் அது.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆறடிக்கு மேல் உயரம். உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மனைவி பெயரில் 'ஜரினா நைட்டி சென்டர்' வைத்து இருபத்திரண்டு வருடம் நடத்தினார். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை.

நைட்டியின் நீளம் காட்டுவதற்கு அவரிடம் ஒரே முறைதான் இருந்தது. கழுத்துப் பட்டியைத் தன் கழுத்தில் வைத்து, கையை விரித்து, தன் மேல் போட்டுக் காட்டுவார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு. நீங்களே வச்சுக்கிடுங்க" என்பார்கள் பெண்கள்.

"எனக்கு முழங்காலத் தாண்டாது தாயி. கம்பெனிக்காரன் எனக்குன்னு தச்சு அனுப்புனா உடுத்த மாட்டேனா?"

நைட்டிக்கு அடுத்தபடி அவருக்குப் பிடித்தது பேய்ப் படம். பயப்படுவதற்காக அல்ல, தப்புக் கண்டுபிடிப்பதற்காக. ஆசிபா ஆறாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. காராச்சேவுப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள். யார் அதிகம் தப்புக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்குப் பொட்டலத்தின் அடியில் கிடக்கும் தூள். ஒரு படத்தில் நூறு வருடத்துக்கு முன் செத்த பேய் எலெக்ட்ரானிக் வாட்ச் கட்டிக்கொண்டு வந்தது. அதை முதலில் பார்த்தது ஆசிபா. தியேட்டரே அலறிய நேரத்தில் அவள் எழுந்து நின்று, "அத்தா, வாச்சு!" என்று கத்தினாள். அதன் பிறகு வீட்டில் எந்தத் தப்புக்கும் பெயர் வாட்ச்தான். சாம்பாரில் உப்பில்லை என்றால், "ஜரினா, சாம்பார்ல வாச்சு தெரியுது" என்பார்.

தப்புக் கண்டுபிடிப்பதே அவளுக்குப் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. சென்னையில் காதுக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பொறியாளர். இரைச்சலுக்கு நடுவிலிருந்து பேச்சைப் பிரித்து எடுக்கிறதா கருவி என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஹக்கீம் பேயான கதை இது. கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் நந்தகோபால், நாலு வருடத்துக்கு முன் 'உடைமரத்துக்காரி' என்று ஒரு படம் எடுத்தான். மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொல்கிறார்கள். அவள் உடை என்ற முள்மரத்தில் குடியிருந்து பழிவாங்க வருகிறாள். மூத்தவன் சாகிறான். கோடாங்கி வந்து அவளை மரத்தோடு ஆணி அடித்து வைக்கிறார். பிரித்திகா என்ற கல்லூரிப் பெண் பேயாக நடித்தாள். படம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அது வந்த புதிதில் எட்டயபுரம் ரோட்டில் உடைமர நிழலில் வண்டியை நிறுத்த ஆள் இல்லை.

இரண்டாம் பாகம் எப்போது என்று ஊரே கேட்டது. பிரித்திகா கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். ஏழு மாதம் வேறு. "வயித்துப்பிள்ளையோட பேயா நடிக்க எங்க மாமியா விடமாட்டாவண்ணே" என்று போனில் சொல்லிவிட்டாள்.

வேறு ஆளைத் தேடிக்கொண்டே, பேய்க்கு உடுப்பு வாங்க நந்தகோபால் ஜரினா நைட்டி சென்டருக்கு வந்தான்.

"அண்ணாச்சி, வெள்ள நைட்டி ஒண்ணு. பூ கீ இல்லாம, சுத்த வெள்ளையா."

"சுத்த வெள்ள யாருல வாங்குவா? நீலப்பூ போட்டது இருக்கு. சின்னப் பூதான். தூரத்துல தெரியாது." ஹக்கீம் வழக்கம்போல் கழுத்தில் வைத்துக் காட்டினார். "இம்புட்டு நீளம் வரும்."

நந்தகோபால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணாச்சி, அப்படியே கொஞ்சம் திரும்புங்க."

"எதுக்குல?"

"ரெண்டு எட்டு நடங்க."

நடந்தார். சின்ன வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததில் இடது கால் லேசாக இழுக்கும்.

கடைக்குள் நின்ற மூன்று பெண்களும் வாயில் கைவைத்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி, "ஆத்தாடி" என்று பின்னால் நகர்ந்தாள். அந்த ஒருத்திதான் நந்தகோபாலுக்குப் போதுமானதாக இருந்தது.

விஷயத்தைப் போனில் கேட்டபோது ஆசிபா, "ஏந்த்தா இதெல்லாம்? கடைக்கு வாரவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள்.

"நைட்டி நல்லா இருக்குன்னு நெனப்பாவ" என்றார்.

கடையில் வாங்கிய சவுரி பிளாஸ்டிக் மாதிரி மின்னியது. ஹக்கீம்தான் பசுவந்தனைச் சொர்ணத்தாயிடம் கேட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை மூன்று மகள்களுக்கும் சேர்த்து நைட்டி எடுக்க வரும் வாடிக்கை. கல்யாண வீடுகளில் அவளுடைய சவுரிக்கு ஒரு பேர் உண்டு. முதலில் மாட்டேன் என்றாள். பிறகு இரண்டு நிபந்தனை போட்டாள். தையில் பேத்தி சடங்குக்கு முன்னால் சவுரி திரும்பி வந்துவிட வேண்டும். படத்தை அவளுக்குக் காட்ட வேண்டும். "என் முடி எப்படி இருக்குன்னு நான் பாக்க வேண்டாமா?"

கரிசக்காட்டில் பிறந்த எவனும் செய்யக்கூடாத ஒரு தப்பை நந்தகோபால் செய்தான். ஐப்பசியில் படப்பிடிப்பு வைத்தான். அவனிடம் விளக்கு கிடையாது. மேகம் மூடிய பகலில் எடுத்து, பிறகு நீலமாக்கி, இரவு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. மேகம் வந்தது. அதோடு மழையும் வந்தது. மழை பெய்த கரிசலில் நடப்பது எப்படி என்று அந்தக் கணக்கில் இல்லை. முதல் எட்டில் மண் செருப்பைப் பிடுங்கும். அடுத்த எட்டிலிருந்து காலில் அப்பும். பத்து எட்டில் ஒவ்வொரு காலிலும் ஒரு பூசணிக்காய்.

பேய்க்குக் கால் கிடையாது. அது ஊரறிந்த விஷயம். நைட்டி காலை மறைக்கும் என்று நந்தகோபால் நினைத்திருந்தான். நைட்டி ஹக்கீமின் முழங்காலில் நின்றது. கோவில்பட்டித் தாலுகாவிலேயே பெரிய கால் உடைமரத்துக்காரிக்குத்தான் என்று ஆனது.

இதெல்லாம் ஆசிபாவுக்குப் போனில் துண்டு துண்டாக வந்த செய்திகள். அவள் அரைக் காதோடு கேட்டாள். முழுவதும் கேட்டது அவர் போன பிறகுதான்.

அடக்கம் முடிந்த ஆறாம் நாள் ஹக்கீமின் போன் அடித்தது. ஆசிபா எடுத்தாள்.

"அண்ணாச்சி இருக்காவளா? நான் பசுவந்தனை சொர்ணத்தாயி."

"அத்தா இல்ல."

"வெளிய போயிருக்காவளா? சரித்தா. வந்தா சவுரி கேட்டேன்னு மட்டும் சொல்லு. வியாழக்கெழம வாரேன்னாவ, ஆளக் காணும்."

இல்லை என்ற சொல்லை அந்த அம்மாள் இப்படி எடுத்துக்கொள்வாள் என்று ஆசிபா எதிர்பார்க்கவில்லை. திருத்தியிருக்கலாம். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். மஞ்சள் பை அலமாரியிலேயே இருந்தது.

இருபதாம் நாள் வாக்கில் நந்தகோபால் வந்தான். கடைக்குள் வந்து நின்றவன் உட்காரவில்லை. ஹக்கீமின் அண்ணன் சேக் முகம்மது அப்போது அங்கே இருந்தார். ஜரினா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், பிற ஆண்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதனால் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நந்தகோபால் சொன்னது சுருக்கமானது. காற்றில் கேமரா ஒலி முழுக்க வீண். ஹக்கீம் நெஞ்சில் குத்தியிருந்த சின்ன மைக்கில் பதிவானது மட்டும்தான் பாக்கி. அதிலும் இரைச்சல். ஆசிபா சுத்தம் செய்து கொடுத்தால் படத்தை முடிக்கலாம். இல்லையென்றால் மதுரையிலிருந்து ஆள் வைத்து வேறு குரல் கொடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் படத்தை அப்படியே கிடப்பில் போட்டுவிடலாம்.

சேக் முகம்மது முடிக்கவிடவில்லை. "மௌத்தாகி நாப்பது நாள் ஆகல. எங்க தம்பியப் பேயாக்கி ஊரெல்லாம் காட்டப் போறியா? அதுவும் நைட்டியப் போட்டு? சனம் சிரிக்கும்ல?"

"சிரிக்கும் பெரியவரே." நந்தகோபால் தரையைப் பார்த்தான். "அதான் கேக்க வந்தேன்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஜரினாவின் குரல் வந்தது. "ஆசிபா கேட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டும். அவ சொல்லுததுதான்."

ஆக, தகப்பன் கடைசியாக ஊருக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பது மகள் கையில் வந்து விழுந்தது.

அவள் முதலில் படத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு நோட்டில் தப்புகளை எழுதினாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. மரத்தில் அடித்த ஆணி எப்படிக் கழன்றது என்று சொல்லவில்லை. முதல் பாகத்தில் ஐந்தடி இருந்த பேய் இப்போது ஆறடி. இதற்கு மட்டும் ஒரு வசனம் இருந்தது: 'பேய்க்கு வயசுதான் ஆகாது. வளத்தி உண்டு.' நடு இரவு என்கிற காட்சியில் மயில் அகவுகிறது. சமாதியில் போட்ட மாலையை நந்தகோபாலின் அப்பா மேய்க்கும் வெள்ளாடு தின்கிறது. அடுத்த காட்சியில் அதே ஆடு நைட்டியின் ஓரத்தைத் தின்கிறது. கதாநாயகி ரேணுகாதேவி கிணற்றில் விழுந்து நனையாமல் ஏறி வருகிறாள். நீலப் பூ தூரத்திலும் தெரிகிறது. மொத்தம் நாற்பத்தொன்று. மோசமான படம். அதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது ஒலி. நாலு மணி நேரம் பதினோரு நிமிடம். அலுவலகத்துச் சோதனை ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள்.

துணி உரசும் சத்தம். காற்று. ஆட்டு மணி. ஒவ்வொரு தடவையும் நந்தகோபால் "ஆக்‌ஷன்" என்றதும், ஹக்கீம் வாய்க்குள் "பிஸ்மில்லா" என்றுவிட்டுத்தான் ஊளையிட்டார். பிஸ்மில்லா சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிய பேய். ஓரிடத்தில் கதாநாயகியைத் துரத்தும்போது, "ஏட்டி, கொஞ்சம் நில்லுட்டி, செருப்பு போச்சு" என்று கூப்பிட்டிருந்தார். அந்தப் பெண் நின்று, திரும்பி வந்து, செருப்பைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடியிருந்தாள். நந்தகோபால் அதை வெட்டாமல் வைத்திருந்தான்.

மூன்றாவது மணி நேரத்தில் அந்தக் காட்சி வந்தது.

அண்ணன் தம்பிகளில் இரண்டாமவனைப் பேய் கொல்ல வேண்டும். அந்த வேடம் டீக்கடை வன்னியபெருமாளுக்கு. அவன் பயத்தில் விறைத்து நிற்பான். பேய் காட்டைக் கடந்து நாற்பது எட்டு வந்து கழுத்தைப் பிடிக்க வேண்டும். படத்தில், பாதி வழியில் பேய் வரப்பில் உட்கார்ந்து, அவனைக் கூப்பிட்டுக் காலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டச் சொல்கிறது. படத்திலேயே உருப்படியான காட்சி அதுதான். நோட்டில் அதற்கு நேரே ஆசிபா ஒன்றும் எழுதவில்லை.

ஒலியில் வேறொன்று இருந்தது. சேறு. மூச்சு. சேறு. மூச்சு. இருபத்தைந்தாம் எட்டில் நடை நின்றது. மெல்லிய குரலில், "யா அல்லா… பிடிக்குதே." பிறகு நாலு நொடி வெறும் மூச்சு. தூரத்தில் நந்தகோபால்: "அண்ணாச்சி, கேமரா ஓடுது!" இன்னும் ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் பேயின் குரல்.

"ஏலே, இங்கன வா."

"நானா?" இது வன்னியபெருமாள்.

"வேற யாரு இருக்கா? பயப்படாத, கொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி இந்த மண்ணச் சுரண்டி விடு. தூக்க முடியல."

அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மழை பெய்த கரிசக்காட்டிலிருந்து வந்து வரப்பில் உட்காரும் ஆளுக்குக் குச்சி எடுத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் தானாக வருவது. ஒரு கருவக் குச்சியை எடுத்து உட்கார்ந்து சுரண்டினான்.

"வெரலு இடுக்குல பாரு. ஆங். அந்தக் காலு."

"ரெம்ப அப்பியிருக்கு தாயி."

"செத்தவளுக்கே இம்புட்டுப் பாடுன்னா ஒங்க பாடு எப்படியோ? முடிச்சாச்சா? சரி, கழுத்தக் குடு."

வன்னியபெருமாள் கையைத் துடைத்துவிட்டுக் கழுத்தைக் கொடுத்தான். பத்துப் பதினைந்து பேர் சிரிக்கும் சத்தம்.

ஆசிபா நிறுத்தினாள். பின்னால் போனாள். மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்துநாலு. தேதியைப் பார்த்தாள். அவர் இறப்பதற்கு இருபத்திரண்டு நாள் முன்பு. வேடிக்கைக்காக உட்காரவில்லை. நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்துவிட்டு, கேமரா ஓடுவதால் அதை வேடிக்கை ஆக்கியிருக்கிறார்.

நந்தகோபாலுக்குப் போன் போட்டாள்.

"அத்தா வரப்புல உக்காந்தப்போ ஒங்களுக்கு ஒண்ணும் கேக்கலியா?"

அவன் கேட்கவில்லை என்றான். அவள் அந்த இடத்தைப் போனில் ஓடவிட்டாள்.

"பத்தடி தூரத்துல நின்னேன் ஆசிபா. சிரிச்சிக்கிட்டு நின்னேன்" என்றான். "அந்த சீன எடுத்துருதேன்."

"எடுத்தா படத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றான் நந்தகோபால். பொய் சொல்லாதவன்.

எடுத்தால் படம் செத்தது. வைத்தால், ஒரு மனுஷனுக்கு நெஞ்சு பிடித்ததைப் பார்த்து ஊர் சிரிக்கும். இரண்டு நாள் அவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், மீதி ஒலியையும் கேட்டு முடிக்காமல் ஒரு முடிவு சொல்வது சோதனை ஆகாது என்று உட்கார்ந்தாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு டீ டம்ளர் சத்தம். ஹக்கீமின் குரல்.

"ஒண்ணுமில்லப்பா, காலைல வடை தின்னேன். நெஞ்சக் கரிக்குது."

வன்னியபெருமாள்: "அண்ணாச்சி, இதத் தியேட்டர்ல போட்டா ஒருத்தன் சீட்ல இருக்கமாட்டான்."

"மத்தவன் கெடக்கான். எம் மக சிரிக்கணும். அவ லேசுல சிரிக்கிற ஆளு இல்ல. இன்ஜினியரு. மொதல்ல தப்ப எல்லாம் எண்ணுவா. எண்ணி முடிச்ச பெறகுதான் சிரிப்பு வரும்." ஒரு மடக்கு டீ. "ஒரு தப்ப அவளுக்குன்னே வைக்கப் போறேன். கண்டுபிடிக்காளான்னு பாப்போம்."

ஆசிபா நோட்டை எடுத்து நாற்பத்தொன்றையும் திரும்பப் படித்தாள். அவளுக்கென்று வைத்தது எது என்று தெரியவில்லை.

ஒலியைச் சுத்தம் செய்ய நாலு நாள் ஆயிற்று. காற்றைக் குறைத்தாள். துணி உரசலை எடுத்தாள். பிஸ்மில்லாவை விட்டுவைத்தாள். வரப்புக் காட்சியில் ஒரு நொடியும் வெட்டவில்லை. மூச்சும் இருந்தது. 'பிடிக்குதே' என்ற சொல் இருந்த இடத்தில் மட்டும் காற்றைக் குறைக்காமல் விட்டாள். இரைச்சலிலிருந்து பேச்சை எடுப்பது அவள் தொழில். ஒரு சொல்லை இரைச்சலுக்குள்ளேயே இருக்கவிட்டது அதுதான் முதல் தடவை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பின் வந்த புதன்கிழமை பிற்பகலில் வீட்டுக்குள் லேப்டாப்பை வைத்தாள். ஜரினா பாயில் உட்கார்ந்தார். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம், கடைக்குள், சேக் முகம்மதுவும் நந்தகோபாலும் இரண்டு நாற்காலிகளில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் படம் தெரியாது. கேட்க மட்டும் முடியும்.

பேய் முதலில் வந்ததும் ஜரினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த டிசைன் எடுக்காதீங்க, சாயம் போகும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். "பாரு, போயிருக்கு."

செருப்புக்குப் பேய் ஆளைக் கூப்பிட்டபோது அவர் தோள் குலுங்கியது. வரப்புக் காட்சியில், "சரி, கழுத்தக் குடு" என்றதும் உடைந்தார். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் அழுகையானது, பிறகு மறுபடி சிரிப்பானது. "என்ன மனுசன், யா ரப்பு, என்ன மனுசன்" என்று தரையில் தட்டினார்.

திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. சேக் முகம்மதுவின் குரல்.

"ஆசிபா."

"சொல்லுங்க பெரியத்தா."

"என்ன சொன்னான்? கழுத்தயா? சரியாக் கேக்கல. அந்த எடத்தத் திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டாள். அவர் சிரித்தாரா, இல்லை மூக்கை உறிஞ்சினாரா என்று இரைச்சல் பிரிக்கும் இன்ஜினியருக்கே தெரியவில்லை.

கடைசிக் காட்சியில் பேய் கடைசித் தம்பியின் கழுத்தைப் பிடிக்கிறது. இரண்டு கைகளும் திரை முழுக்க. ஆசிபா இந்த இடத்தை இருபது தடவை கேட்டிருந்தாள். பார்த்தது ஒரு தடவைதான்.

ஜரினா திரைக்கு அருகே குனிந்தார். "ஏட்டி, ஒங்க அத்தா கையப் பாரு. வாச்சு."

வலது மணிக்கட்டில் வாட்ச். ஹக்கீம் எப்போதும் இடது கையில் கட்டுபவர். படம் முழுக்கக் கழற்றி வைத்திருந்தவர். கடைசியில் வலது கையில் கட்டி, முகப்பைக் கேமராவுக்கு நேரே திருப்பி வைத்திருந்தார். மணி நாலு இருபது.

நாற்பத்திரண்டு.

ஆசிபாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு அடக்கமுடியாமல். கடைக்குள்ளிருந்து நந்தகோபால், "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டான். ஜரினாதான் உள்ளிருந்து கத்தினார். "வாச்சுப்பா, வாச்சு!" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அய்யோ, அதக் கவனிக்காம விட்டுட்டேனே. அழிச்சிரட்டுமா?"

"கையை வச்ச, கொன்னுருவேன்" என்றாள் ஆசிபா.

சேக் முகம்மது எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். போகும்போது நந்தகோபாலிடம், "ஜரினாவுக்கு இத்தா முடியட்டும். அவளும் தியேட்டர்ல வந்து பாக்கணும். அதுக்கு முன்னாடி வெளியிட்ட, தெரியும்" என்றார்.

அன்று மாலை ஹக்கீமின் போன் மறுபடி அடித்தது.

"ஏத்தா, நான் பசுவந்தனை சொர்ணத்தாயி. அண்ணாச்சி இருக்காவளா? அடுத்த வாரம் பேத்தி சடங்கு. தலை மொட்டையா நிக்க முடியாதுல்லா. வியாழக்கெழம வாரேன்னு சொன்னாவளே, எந்த வியாழக்கெழமன்னு கேட்டுச் சொல்லு."

ஆசிபா அலமாரியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தாள். சீட்டைப் பிரித்தாள். சொர்ணத்தாய், பசுவந்தனை, வியாழன். தேதி போடவில்லை.

"நாளைக்கு வியாழன்தான். நான் கொண்டாரேன்" என்றாள். "படத்தையும் கொண்டாரேன். ஒங்க முடியப் பாக்கணும்னீங்களாமே."

"அண்ணாச்சி வரலியா?"

"நேருல வந்து சொல்லுதேன்."

பையில் லேப்டாப்பை வைத்தாள். சவுரியை ஒரு தடவை வெளியே எடுத்து விளக்கடியில் பார்த்தாள். நடுவில், இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பிய ஒரு கரிசல் உருண்டை, கடுகளவு. நகத்தை வைத்தாள். பிறகு நசுக்காமல் விரலை எடுத்துவிட்டாள். சவுரியை முன்பு போலவே சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பசுவந்தனைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியாது. அது ஹக்கீமுக்குத்தான் தெரியும்.